தலையில்லாத் தொப்பிகள்

வாசகர் கேள்வி, 9 ஜூன் 2023

லண்டன், பாரிஸ், நியூயார்க் என்று பழைய கடைவீதிப் படங்களாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பெண்கள் தொப்பிக் கடை என்றால் மெழுகில் முகம், சுருட்டை முடி, கழுத்து எல்லாம் செய்து அதன் மேல் தொப்பியை வைக்கிறார்கள். ஆண்கள் தொப்பிக் கடையில் ஒரு கம்பி, அதன் மேல் தொப்பி, அவ்வளவுதான். ஆண் எப்படியும் வாங்கிவிடுவான், அவனுக்காக எதற்கு மெனக்கெட வேண்டும் என்று கடைக்காரர்கள் நினைத்ததுதான் காரணம் என்கிறேன். மறுப்பு இருந்தால் சொல்லுங்கள்.

9 ஜூன், இரவு

மறுக்கிறேன்.

ஒன்பது வருஷம் ஒரு ஜவுளிக் கடையில் ஷோகேஸ் அலங்கரிக்கிற வேலை பார்த்தவன் நான். பொம்மைக்குச் சேலை கட்டுவது, மடிப்பு எடுப்பது, விளக்கு வைப்பது, விலைச்சீட்டு குத்துவது, எல்லாம் செய்திருக்கிறேன். அந்தக் கண்ணோடுதான் இந்தப் படங்களைப் பார்க்கிறேன். ஆண்கள் தொப்பி சன்னலில் உழைப்பு குறைவு என்பது படத்தைப் பார்த்த மாத்திரத்திலேயே நிற்காது. ஒரே சன்னலில் ஐம்பது அறுபது தொப்பிகள், எல்லாம் ஒரே சாய்வில், விளிம்பும் விளிம்பும் முட்டாமல், பின் வரிசை முன் வரிசைக்கு மேல் தெரிகிற மாதிரி ஏறிப்போகின்றன. அடியில் பித்தளை ஸ்டாண்டுகள், ஒவ்வொன்றும் ஒரு உயரம். நான்கு பொம்மைக்குச் சேலை கட்டுவதை விட இது கடினம். ஒரு தொப்பி கோணினால் தெருவில் போகிறவன் கண்ணில் அதுதான் முதலில் படும்.

முகம் ஏன் இல்லை என்பதற்கு என் பதில், வித்தியாசம் எங்கே இருக்கிறது என்பதில்தான் இருக்கிறது. பெண்கள் தொப்பி ஒவ்வொன்றும் தனி: ஒன்றில் இறகு, ஒன்றில் பூ, ஒன்றில் வலை. ஒன்றையே தனியாகத் தூக்கிக் காட்டலாம். ஆண்கள் தொப்பியில் விளிம்பு கால் அங்குலம் அகலம், மேல்பாகம் அரை அங்குலம் உயரம், ஓரம் எவ்வளவு சுருண்டிருக்கிறது, இவ்வளவுதான் வித்தியாசம். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் கண்ணுக்கே தெரியும். நம் ஊர்க் கடையில் வெள்ளை வேட்டியை எப்படிக் காட்டுகிறோம்? ஒரு பொம்மைக்குக் கட்டிவிட்டு, பக்கத்தில் கரை மட்டும் தெரிகிற மாதிரி இருபது வேட்டியை அடுக்குகிறோம். கரைதான் பேச வேண்டும். அங்கே விளிம்பு பேசுகிறது.

10 ஜூன்

நேற்று எழுதாமல் விட்டது, அளவு.

ஆங்கிலேய அளவில் ஆண்கள் தொப்பி 6⅞, 7, 7⅛, 7¼ என்று அங்குலத்தில் எட்டில் ஒரு பாகமாக ஏறும். அந்த எண் சுற்றளவு அல்ல, குறுக்களவு. 7⅛ என்றால் தலைச்சுற்று ஏறக்குறைய 58 செ.மீ. ஒரு படி ஏறினால் சுற்றில் ஒரு செ.மீ. கூடும். ஒரே மாதிரித் தொப்பியை ஏழெட்டு அளவில் வைத்திருந்தால்தான் அது தொப்பிக் கடை. சன்னலில் ஒரே மாதிரி பன்னிரண்டு நிற்பது கற்பனை வற்றிப்போய் அல்ல, உன் தலைக்கும் இங்கே இருக்கிறது என்று சொல்வதற்கு.

உருண்டை உச்சி கொண்ட பவுலர் தொப்பி இன்னும் பொல்லாதது. அரக்கு ஏற்றி ஓடு மாதிரி விறைப்பாக்கியது, தலைக்குத் தக்கபடி வளைந்து கொடுக்காது. மனிதர்கள் தலையோ வட்டமாக இருப்பதில்லை. சிலருக்கு நெற்றி ஒரு பக்கம் புடைத்திருக்கும், சிலருக்குப் பின்மண்டை தட்டை. அதற்காகப் பத்தொன்பதாம் நூற்றாண்டு நடுவில் பாரிஸில் ஒரு கருவி செய்தார்கள். கான்ஃபர்மட்யூர் என்று பெயர். மரச் சட்டங்கள் சுற்றி நிற்கிற கறுப்புக் கிரீடம் மாதிரி இருக்கும். தலையில் மாட்டினால் சட்டங்கள் தலை வடிவத்துக்கு நகரும். மேலே மூடியைத் திறந்து ஒரு சீட்டை வைத்து அழுத்தினால், அந்தத் தலையின் வடிவம் சிறிதாக ஊசித்துளைகளாகப் பதிந்துவிடும். அந்தச் சீட்டைக் கடையிலேயே பத்திரப்படுத்துவார்கள். தையல்காரர் நோட்டில் நம் அளவு இருப்பது மாதிரி.

பொதுவான ஒரு மெழுகுத் தலையில் தொப்பியை வைத்துக் காட்டினால், அது யாருடைய தலையும் அல்ல.

14 ஜூன்

என்னிடம் இருக்கிற ஒரு படத்தைப் பற்றிச் சொல்கிறேன். மகள் வீட்டுக்கு லண்டன் போயிருந்தபோது ஒரு தெருச்சந்தையில் பழைய படங்கள் நிறைந்த ஒரு பெட்டியிலிருந்து எடுத்தது. உள்ளங்கை அளவு, பழுப்பு நிறம், பின்புறம் ஒரு எழுத்தும் இல்லை. ஊரும் தெரியாது, வருஷமும் தெரியாது.

ஒரு சன்னல், அகலமான ஒரே கண்ணாடி. இடப்பக்கம் வைக்கோல் போட்டர் தொப்பிகள் நான்கு வரிசை. தட்டையான உச்சி, தட்டையான விளிம்பு, இட்லித் தட்டைக் கவிழ்த்து அடுக்கியது மாதிரி. வலப்பக்கம் பவுலர். மேல் வரிசையில் குழாய் மாதிரி உயர்ந்த பட்டு டாப் ஹாட் ஐந்து. நடுவில், கீழே, மேல்பாகத்தில் நீளவாக்கில் ஒரு பள்ளமும் விளிம்பு முழுக்கச் சுருண்ட ஓரமுமாக மூன்று ஹோம்பர்க். ஒரே ஒரு தொப்பியை மட்டும் மல்லாத்தி வைத்திருக்கிறார்கள், உள்ளே வெள்ளைப் பட்டு உறையில் முத்திரை தெரிய. விலைச்சீட்டுகள் உண்டு, ஆனால் வெளிச்சத்தில் வெந்துபோய் வெறும் வெள்ளைச் சதுரங்களாகத் தெரிகின்றன.

டாப் ஹாட்டைக் கவனித்தால் ஒவ்வொன்றிலும் மேலிருந்து கீழே ஒரு வெள்ளைக் கோடு. பட்டு ரோமத்தை ஒரே திசையில் துலக்கினால்தான் அப்படி ஒரு கோடாகப் பளபளக்கும். ஒரு இடத்தில் விரல் பட்டுக் கலைந்தாலும் கோடு உடையும். ஐந்திலும் உடையவில்லை. படம் எடுப்பதற்குக் கொஞ்சம் முன்னால்தான் யாரோ உட்கார்ந்து ஐந்தையும் துலக்கியிருக்கிறார்கள். மெனக்கெடவில்லை என்று சொல்கிறவர் இந்த ஐந்து கோடுகளைப் பார்க்க வேண்டும்.

18 ஜூன்

ஒன்று கண்டுபிடித்தேன் என்று நினைக்கிறேன். ஆண்கள் தொப்பியில் ரிப்பன் முடிச்சு அணிகிறவரின் இடப்பக்கம் வரும். இது பழைய வழக்கம், இன்றைக்கும் அப்படித்தான். என் படத்தில் போட்டர் தொப்பிகளில் முடிச்சு எல்லாம் வலப்பக்கம் தெரிகிறது. அப்படியானால் நெகட்டிவைத் திருப்பிப் போட்டு அச்செடுத்திருக்கிறார்கள். இடமும் வலமும் மாறிய படம்.

19 ஜூன்

நேற்று எழுதியது தவறு. அடித்துவிடாமல் அப்படியே வைக்கிறேன், வேறு யாரும் அதே இடத்தில் வழுக்காமல் இருக்கட்டும்.

காலையில் பித்தளைக் குடத்தைக் கவிழ்த்து, அதன் மேல் என் தொப்பியை வைத்து, எதிரே போய் நின்றேன். தொப்பி என்னைப் பார்க்கிறது. அதை அணிகிறவரின் இடப்பக்கம் எனக்கு வலப்பக்கம். சன்னலில் இருக்கிற தொப்பிகள் தெருவைப் பார்த்து நிற்கின்றன. முடிச்சு நம் வலப்பக்கம் தெரிவதுதான் சரி. படம் நேராகத்தான் இருக்கிறது.

20 ஜூன்

இதில் இன்னொன்று கிடைத்தது. கண்ணாடியில் தெருவின் பிரதிபலிப்பு மங்கலாக விழுந்திருக்கிறது. எதிர் வீட்டுச் சுவர், ஒரு விளக்குக் கம்பம், சன்னலுக்கு முன் நிற்கிற ஒரு மனிதனின் முகம். அவனும் போட்டர் அணிந்திருக்கிறான். அவன் தொப்பியின் முடிச்சு நம் இடப்பக்கம் தெரிகிறது. சன்னலைப் பார்த்து நிற்கிறவனின் இடப்பக்கமும் நம் இடப்பக்கமும் ஒன்றுதான். கண்ணாடி அதை மாற்றுவதில்லை. ஆக ஒரே படத்தில் உள்ளே இருக்கிற தொப்பிகளின் முடிச்சு வலப்பக்கம், வெளியே இருப்பவனின் முடிச்சு இடப்பக்கம். இரண்டும் ஒன்றுக்கொன்று சாட்சி. பெயர்ப்பலகை இல்லாத பழைய தொப்பிக்கடைப் படம் கையில் வந்தால் இப்படிச் சோதிக்கலாம்.

அன்றைக்குக் கடைச் சன்னலைப் படம் எடுப்பவர்களுக்குப் பெரிய எதிரி இந்தப் பிரதிபலிப்புதான். காமிராவுக்குப் பின்னால் கறுப்புத் துணியைத் தூக்கிப் பிடிப்பது உண்டு, விடியலில் வந்து எடுப்பதும் உண்டு. என் படத்தை எடுத்தவர் இரண்டும் செய்யவில்லை. அதனால்தான் அந்த மனிதன் நமக்குக் கிடைத்தான்.

25 ஜூன்

பெரிய ஒற்றைக் கண்ணாடி என்று எழுதியிருந்தேன். அது எப்போதிலிருந்து என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

பழைய முறையில் கண்ணாடியை ஊதி, சுழற்றி, பெரிய தட்டாக விரித்து, அதிலிருந்து சின்னச் சின்னச் சதுரங்களாக வெட்டுவார்கள். நடுவில் குமிழாக ஒரு தழும்பு மிஞ்சும். அப்படிப்பட்ட சதுரங்களை மரச்சட்டத்தில் கோத்ததுதான் பழைய கடைச் சன்னல். வார்த்து, தேய்த்து, மெருகேற்றிய பெரிய பலகைக் கண்ணாடியும் இருந்தது, விலைதான் எட்டாது. பிரிட்டனில் கண்ணாடி மீதான வரியை 1845இல் எடுத்தார்கள். அதற்குப் பிறகுதான் சாதாரணக் கடைக்காரருக்கும் பெரிய கண்ணாடி கைக்கெட்டியது. என் படத்தில் சட்டமே இல்லாத ஒற்றைப் பலகை, அதனால் அதற்குப் பிந்தியது. ஹோம்பர்க் இருப்பதால் இன்னும் பிந்தியது. ஜெர்மனியின் பாட் ஹோம்பர்க் ஊரிலிருந்து அந்தத் தொப்பியைக் கொண்டுவந்து இங்கிலாந்தில் பரப்பியவர், பின்னால் ஏழாம் எட்வர்டு ஆன இளவரசர்.

சின்னச் சதுரங்கள் கொண்ட சன்னல் எப்படி இருந்திருக்கும் என்று பார்க்க, லண்டனில் செயின்ட் ஜேம்ஸ் தெரு 6ஆம் எண்ணுக்குப் போனேன். லாக் தொப்பிக் கடை. 1676இல் தொடங்கியது, அந்த முகவரியில் 1765லிருந்து இருக்கிறது. உள்ளே போகாமல் வெளியே அரைமணி நேரம் நின்றேன். மகள் இரண்டு தடவை தேடிக்கொண்டு வந்தாள். ஒவ்வொரு சதுரத்திலும் ஒரு தொப்பியின் ஒரு துண்டுதான் கண்ணில் படும். தலையை அசைத்து அசைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. பெரிய கண்ணாடி வந்ததும் முழு வரிசையையும் நடந்துகொண்டே பார்த்துவிடலாம். அறுபது தொப்பிகளை அணிவகுத்து வைக்கிற யோசனைக்கு அந்தக் கண்ணாடிதான் வழிவிட்டிருக்க வேண்டும்.

பவுலர் பிறந்ததும் அந்தக் கடையில்தான். 1849இல் எட்வர்டு கோக் என்பவர் நார்ஃபோக்கில் தங்கள் குடும்பத்து வேட்டைக்காட்டுக் காவலர்களுக்காகக் கேட்டார். உயரத் தொப்பி கிளையில் மாட்டிக்கொண்டது, அதனால் தாழ்ந்த, கெட்டியான ஒன்று தேவைப்பட்டது. செய்துகொடுத்தவர்கள் தாமஸ், வில்லியம் பவுலர். தொப்பியை வாங்க வந்த கோக் அதைத் தரையில் வைத்து இரண்டு தரம் ஏறி மிதித்துப் பார்த்துவிட்டு, பன்னிரண்டு ஷில்லிங் கொடுத்தார் என்பது கடை வழிவழியாகச் சொல்கிற கதை. அங்கே இன்றும் அதை பவுலர் என்று சொல்வதில்லை, கோக் என்றுதான் சொல்கிறார்கள். காட்டுக் காவலருக்குச் செய்தது கடைசியில் லண்டன் வங்கி ஊழியர் தலைக்கு வந்து சேர்ந்தது.

2 ஜூலை

வைக்கோலும், ரோமத்தை அழுத்திப் பின்னவைத்துச் செய்கிற ஃபெல்ட்டும் ஒரே சன்னலில் இருப்பதை வைத்து மாதத்தைச் சொல்ல முடியுமா என்று பார்க்கிறேன்.

அமெரிக்காவில் இதற்குக் கறாரான நாள் இருந்தது. மே நடுவில் வைக்கோல் தொப்பி நாள். செப்டம்பர் 15 ஆனதும் கழற்றிவிட்டு ஃபெல்ட்டுக்கு மாற வேண்டும். மாறாதவன் தொப்பியைத் தெருவில் தட்டிவிடுவார்கள். 1922இல் நியூயார்க்கில் இது கலவரமாகவே ஆனது. கெடுவுக்கு இரண்டு நாள் முன்னால், செப்டம்பர் 13 அன்று, மல்பெரி பெண்ட் பகுதியில் பையன்கள் ஆலைத் தொழிலாளிகளின் தொப்பிகளைப் பறித்து மிதிக்கத் தொடங்கினார்கள். பிறகு துறைமுகத் தொழிலாளிகள் மேல் கைவைத்தார்கள், அவர்கள் திருப்பி அடித்தார்கள். பல நாள் நடந்தது. கம்பின் நுனியில் ஆணி அடித்துத் தொப்பியைக் கொக்கி போட்டு இழுத்தவர்களும் உண்டு. 1924இல் வைக்கோல் தொப்பி அணிந்ததற்காக ஒரு மனிதன் கொலையே செய்யப்பட்டான். ஒரு தொப்பிக்காக ஒரு உயிர். அதை வாசித்த அன்றைக்கு வேறு எதுவும் ஓடவில்லை.

அப்படிப்பட்ட ஊரில் தொப்பிக் கடைச் சன்னல் ஒரு நாள்காட்டி. பாதி வைக்கோல் பாதி ஃபெல்ட் என்றால் மாறுகிற பருவம். வெளியே நிற்பவன் போட்டர் அணிந்திருக்கிறான். ஆகவே செப்டம்பர் தொடக்கம், கடை ஃபெல்ட்டை உள்ளே கொண்டுவரத் தொடங்கிய நேரம் என்று கணிக்கிறேன்.

3 ஜூலை

மேலே உள்ள கணிப்பு படம் அமெரிக்காவில் எடுத்ததாக இருந்தால்தான் நிற்கும். லண்டன் சந்தையில் வாங்கினேன் என்பது ஒன்றையும் நிரூபிக்காது, அந்தப் பெட்டியில் பல நாட்டுப் படங்கள் கிடந்தன. பிரிட்டனாக இருந்தால் அப்படி நாள் குறித்துத் தட்டிவிடுகிற வழக்கம் இல்லை. கோடை முழுக்க இரண்டையும் வைத்திருக்கலாம். ஊர் தெரியாமல் மாதம் சொல்லக் கூடாது.

8 ஜூலை

சன்னல் அலங்கரிப்பதே ஒரு தொழிலாக எப்போது ஆனது என்ற கேள்விக்கு.

சிகாகோவில் 1897இல் இதற்கென்றே ஒரு மாத இதழ் தொடங்கியவர் ஃபிராங்க் பாம். ஆஸ் நாட்டு மந்திரவாதிக் கதை எழுதினாரே, அவரேதான். அடுத்த வருஷம் சன்னல் அலங்கரிப்பவர்களுக்கு ஒரு தேசிய சங்கமும் அமைத்தார். 1900இல் அந்தக் கதை வந்தது, அதே வருஷம் ஜவுளிக் கடைச் சன்னல்களை அலங்கரிப்பது எப்படி என்று ஒரு தொழில் புத்தகமும் எழுதி வெளியிட்டார். கதையில் வருகிற தகர மனிதனே ஒரு கடைச் சன்னலுக்காகச் செய்த உருவத்திலிருந்து வந்தவன் என்று அவர் மகன் சொல்லியிருக்கிறார். துணி வேகவைக்கிற கொப்பரை உடம்பாம், அடுப்புப் புகைக்குழாய் கைகாலாம். தலையில் கவிழ்த்த புனல்தான் தொப்பி.

இதைப் படித்ததும் எனக்குக் கண் கலங்கியது உண்மை. எங்கள் வேலையைக் கடைக்குள் யாரும் ஒரு வேலையாகவே மதிக்கவில்லை. 'பொம்மை கட்டுற பையன்' என்றுதான் பெயர். அதே வேலைக்கு நூற்றிருபத்தைந்து வருஷம் முன்னால் ஒருவர் இதழ் நடத்தி, சங்கம் வைத்து, புத்தகம் எழுதியிருக்கிறார்.

விளக்கையும் சொல்ல வேண்டும். 1909இல் லண்டனில் திறந்த செல்ஃப்ரிட்ஜஸ், கடை மூடிய பிறகும் சன்னல் விளக்குகளை எரியவிட்டது. சாப்பிட்டுவிட்டு இரவில் உலாவுகிறவர்களுக்கும் சன்னல் திறந்திருந்தது.

15 ஜூலை

வெயில். இதைப் பற்றி யாரும் எழுதவில்லை.

மேற்குப் பார்த்த ஷோகேஸ் எங்களுடையது. ஒரு தீபாவளிக்கு மயில்கழுத்து நிறப் பட்டு ஒன்றைக் கட்டி மூன்று வாரம் வைத்திருந்தேன். இறக்கிப் பிரித்தால் வெளியே தெரிந்த மடிப்புகள் எல்லாம் சாம்பல் கோடு, உள்ளே இருந்த இடம் மட்டும் பழைய நிறம். சேலை முழுக்க வரிவரியாக. அதன் விலையை என் சம்பளத்தில் நான்கு மாதம் பிடித்தார்கள். கண்ணாடிக்கு மேல் படுதா போடச் சொல்லி நான் இரண்டு தடவை கேட்டிருந்தேன், கடையின் முகப்பு மறையும் என்று மறுத்தவர்களும் அவர்களே.

பழைய கடைவீதிப் படங்களில் வரிசையாக இறங்கியிருக்கிற படுதாக்களை அதனால்தான் பாசத்தோடு பார்க்கிறேன். மழைக்கு மட்டும் அல்ல, சரக்கைக் காப்பதற்கும்தான். எந்தப் பக்கத்துக் கடைகள் இறக்கியிருக்கின்றன என்று பார்த்தால் வெயில் எங்கிருந்து அடித்தது என்பதும் தெரியும்.

குடத்தின் மேல் வைத்தேன் என்று சொன்னேனே, அந்தத் தொப்பி இணையத்தில் பழையதாக வாங்கிய பழுப்பு ஃபெல்ட். இடப்பாதி வலப்பாதியை விட வெளிறியது. ரிப்பன் முடிச்சை நகத்தால் மெல்லத் தூக்கினால் அடியில் விரல்நகம் அளவுக்கு ஒரு திட்டு, காப்பிக்கொட்டை நிறத்தில், புதிதாக. தொப்பி முழுக்க ஒருகாலத்தில் அந்த நிறம்தான். உள்ளே தோல்பட்டையில் வியர்வைக் கறையே இல்லை. தலையில் ஏறிய தொப்பி அல்ல இது. இடப்பக்கத்தைக் கண்ணாடிக்குக் காட்டி எங்கோ ஒரு சன்னலில் வெகுகாலம் நின்று, வெளுத்து, விற்காமல் போனது. அதனால்தான் என்னிடம் வந்தது. எனக்கு அதன் மேல் இருக்கிற பிரியத்துக்கும் அதுதான் காரணம்.

16 ஜூலை

பழைய ஃபெல்ட்டைத் தொடுவது ஆபத்தா என்று கேட்டிருக்கிறார்கள். நியாயமான கேள்வி.

முயல், காட்டுமுயல், நீர்நாய் போன்ற பீவர், இவற்றின் ரோமத்திலிருந்துதான் நல்ல ஃபெல்ட். ரோமம் ஒன்றோடொன்று பின்னிக்கொள்வதற்காகத் தோலின் மேல் பாதரச நைட்ரேட் கரைசலைத் தடவுவார்கள். ரோமத்தின் நுனி காரட் நிறத்துக்கு மாறும், அந்த வேலைக்கே ஆங்கிலத்தில் காரட் பெயர்தான். அந்த ஆவியை வருஷக்கணக்கில் மூச்சிழுத்த தொழிலாளிகளுக்குக் கை நடுங்கும், பேச்சு குழறும், மனம் கலங்கும். அமெரிக்காவின் தொப்பி நகரமான டான்பரியில் அந்த நடுக்கத்துக்கு ஊர் பெயரையே வைத்தார்கள். அங்கே பாதரசத்தைத் தொப்பித் தொழிலிலிருந்து நிறுத்தியது 1941 டிசம்பரில்தான். அருங்காட்சியகங்களில் இருக்கிற பழைய ஃபெல்ட் தொப்பிகளில் இன்னும் பாதரசம் இருப்பதைக் கண்டிருக்கிறார்கள். நான் கையுறை போட்டுத்தான் எடுக்கிறேன், காற்றோட்டமான இடத்தில். தூசி தட்டுவதில்லை. தலையில் வைப்பதில்லை.

அழகான அந்த வரிசைகளுக்குப் பின்னால் நடுங்குகிற கைகள் இருந்தன. சன்னல் அதைக் காட்டாது.

23 ஜூலை

நம் பக்கத் தொடர்பு பற்றிக் கேட்டவருக்குச் சுருக்கமாக. வெள்ளைக்காரர்கள் இங்கே வெயிலுக்கு அணிந்த சோலா தொப்பி, நெட்டியில் செய்தது. சதுப்பில் வளர்கிற செடியின் தண்டு, காகிதம் மாதிரி எடை. தஞ்சாவூரில் பெரிய கோயில் மாதிரி உருவங்கள் செய்து கண்ணாடிப் பெட்டியில் வைத்துத் தருகிறார்களே, அதே நெட்டிதான். கொலுவில் பார்த்திருப்பீர்கள். அதற்கு மேல் இந்த இழையில் வேண்டாம், அதைத் தனியாக எழுத வேண்டும்.

30 ஜூலை

முதல் கேள்விக்குத் திரும்புகிறேன், ஏனென்றால் என் முதல் பதில் பாதிதான்.

ஆண் முகம் உள்ள பொம்மைகளே இல்லை என்கிற தொனியில் எழுதிவிட்டேன். இருந்தன. பாரிஸில் அட்ஜே என்கிற புகைப்படக்காரர் 1925இல் கோப்லான் அவென்யூவில் எடுத்த கடைச் சன்னல் படங்களைப் பாருங்கள். கோட்டும் விலைச்சீட்டுமாக ஆண் பொம்மைகள், முகத்தோடு, புன்னகையோடு நிற்கின்றன. கண்ணாடியில் எதிர்ப்பக்கத்து மரங்களும் கட்டடமும் அவற்றின் மேலேயே படிந்திருக்கின்றன. ஆக உடைக் கடைக்கு ஆண் முகம் தேவைப்பட்டது, தொப்பிக் கடைக்குத் தேவைப்படவில்லை. நான் சொன்ன அளவும் விளிம்பும் சரிதான், ஆனால் இன்னொன்று இருக்கிறது. அது என் படத்தில் ஒன்றரை மாதமாக என் கண்முன்னே இருந்திருக்கிறது.

பிரதிபலிப்பில் நிற்கிற அந்த மனிதனைச் சொன்னேன். அவன் முகத்துக்குக் கொஞ்சம் வலப்புறம், அதே உயரத்தில், ஒரு பவுலர் ஸ்டாண்டில் இருக்கிறது. அவன் ஒரு அடி நகர்ந்தால் அது அவன் தலையில் உட்கார்ந்துவிடும்.

ஷோகேஸ் முன்னால் பெண்கள் நின்றபடியே ஒரு அடி இப்படி, ஒரு அடி அப்படி நகர்வதை ஒன்பது வருஷம் உள்ளே இருந்து பார்த்திருக்கிறேன். கண்ணாடியில் தெரிகிற தங்கள் தோளுக்கும் உள்ளே இருக்கிற சேலைக்கும் நேர் பார்ப்பார்கள். அது சரியாக விழுந்துவிட்டால் படியேறி உள்ளே வருவார்கள். பொம்மை நடுவில் நின்றால் அந்த நேர் கிடைக்காது. அதனால் நான் சில சேலைகளைப் பொம்மையில் கட்டாமல் கம்பியில் தொங்கவிடுவேன், தோள் உயரத்துக்கு. அவைதான் முதலில் விற்கும். ஏன் என்று அப்போது வாயால் சொல்லத் தெரியவில்லை.

தொப்பிக் கடைக்காரர் மெழுகுத் தலையை வைத்தால் அந்த இடம் அடைபட்டுவிடும். வெறும் கம்பி என்றால் தலை தெருவிலிருந்து வரும்.

12 ஆகஸ்ட்

மகளின் தோழி ஒருத்தி படத்தை மிகப் பெரிதாக ஸ்கேன் செய்து அனுப்பியிருக்கிறாள். வெந்துபோன விலைச்சீட்டுகள் என்று எழுதினேனே, ஒன்று மட்டும் மல்லாத்திய தொப்பியின் நிழலில் இருந்ததால் தப்பியிருக்கிறது. ஒரு 3, சாய்கோடு, இரண்டு ஒன்றுகள். 3/11. மூன்று ஷில்லிங் பதினொரு பென்ஸ். நான்கு ஷில்லிங்குக்கு ஒரு பென்ஸ் குறைவு, இன்றைக்கு நாம் 499 என்று போடுகிற அதே கணக்கு.

ஷில்லிங் என்றால் பிரிட்டிஷ் வழி. ஜூலை 2இல் சொன்ன செப்டம்பர் கணக்கை அடியோடு கைவிடுகிறேன். படம் நேராகத்தான் இருக்கிறது என்பதும் இப்போது இரண்டாவது தடவையாக உறுதி. திருப்பி அச்சடித்திருந்தால் அந்த 3 மறுபக்கம் பார்த்திருக்கும்.

ஸ்கேனில் அந்த மனிதனின் முகம் இன்னும் தெளிவு. மீசை இருக்கிறது. பவுலர் பக்கம் பார்க்கவில்லை. கண் கீழே, மூன்று ஹோம்பர்க் இருக்கிற பக்கம். அவற்றில் நடுவில் இருப்பதன் சீட்டைப் படிக்க முடியுமா என்று இன்னும் ஒரு ஸ்கேன் கேட்டிருக்கிறேன்.